தாத்தாவின் கத்தியும் இருபது ரூபாய் ரேசரும்

எல்லாம் கழுத்தில்தான் ஆரம்பித்தது. தாடைக்குக் கீழே, குரல்வளையின் இரண்டு பக்கமும், ஷேவ் செய்த மறுநாள் சிவப்புச் சிவப்பாகப் பொரி கிளம்பும். சட்டைக் காலர் உரசினால் எரியும். சில பொரியைக் கண்ணாடியில் கூர்ந்து பார்த்தால் உள்ளே ஒரு முடி சுருண்டு படுத்திருப்பது தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருபது ரூபாய் யூஸ் அண்ட் த்ரோ ரேசர்தான். மலிவு ரேசர்தான் காரணம் என்று நினைத்து மூன்று பிளேடுக்கு மாறினேன், பிறகு ஐந்துக்கு. பிளேடு கூடக்கூடப் பொரியும் கூடியது.

ஒருவழியாகத் தோல் டாக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று சீட்டில் எழுதினார். பெயர்தான் பயங்கரம், விஷயம் எளிது. சுருள்முடிக்காரனுக்கு முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிட்டால், அது மறுபடி வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும். உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள்ளாக நினைத்துக் கொப்புளம் போடும். இரட்டை பிளேடு ரேசர் 1971இல் சந்தைக்கு வந்தபோது அதன் பெருமையே இதுதான்: முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுக்கும், அது உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டும். வழுவழு கன்னம் வேண்டும் என்பவருக்கு அது வரம். என் கழுத்துக்குச் சாபம். “ஒரே பிளேடு போடுங்க, முடி வளர்ற பக்கமாவே இழுங்க, ரொம்ப ஒட்ட எடுக்காதீங்க” என்றார் டாக்டர்.

மூன்று வாக்கியம். அதில் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மீதி இரண்டையும் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஏகப்பட்ட பணமும் ஆனது.

ஒரே பிளேடு என்றதும் நினைவுக்கு வந்தது தாத்தாவின் மடக்குக் கத்தி. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர் அவர். ஷிப்டுக்குப் போகும் முன்னால் கிணற்றடித் தென்னையில் ஆணி அடித்து மாட்டிய கையகலக் கண்ணாடியில் பார்த்துத் தானே சவரம் செய்துகொள்வார். ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு நாவிதர் அடைப்பத்தோடு, அதாவது சவரச் சாமான் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து செய்துவிட்டுப் போன காலம் அது. தாத்தா மட்டும் தனி. அந்தக் கத்தி அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. கருத்துப்போன பிடி, அலகில் துருப்புள்ளிகள், அலகின் அடித்தண்டில் சோலிங்கன் என்று பொறிப்பு. கத்தி செய்வதற்கே பேர்போன ஜெர்மன் ஊர் அது. எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தப் புதையலை நான் என்ன செய்தேன் தெரியுமா? தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வந்தவரிடம் கொடுத்தேன்.

அவர் மேல் தப்பே இல்லை. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், இது அரிவாள்மனை மாதிரி இல்ல, ரொம்பச் சன்னமா இருக்கே” என்றுதான் சொன்னார். நான்தான் பரவாயில்லை பிடியுங்கள் என்றேன். சக்கரம் சுற்றியது, பொறி பறந்தது. முடித்துக் கொடுத்தபோது கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு ஓரமாக ஒரு நீலக்கோடு ஓடியிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. எஃகு நீலமாகிறது என்றால் சூடு சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த வகைக் கத்தியைச் செய்யும்போது 200 டிகிரி வாக்கில்தான் பதம் போடுவார்கள். அதைத் தாண்டினால் எஃகின் கடினம் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தாத்தா நாற்பது வருடம் காப்பாற்றிய கத்தியை நான் நாலு நிமிடத்தில் காகிதம் கிழிக்கும் கத்தியாக்கினேன். இன்னமும் மேஜையில் அந்த வேலைக்குத்தான் இருக்கிறது.

அடுத்து, இணையத்தில் எழுநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது. முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கத்தி வடிவத்தில் ஓர் இரும்புத்துண்டு, அவ்வளவுதான்.

அப்போதுதான் எங்கள் தெரு சலூனில் விசாரித்தேன். சலூன்காரரின் அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். கத்தியைத் தொட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, கடையின் மூலை நாற்காலியில் பேப்பர் படித்தபடி இருப்பார். எய்ட்ஸ் பற்றிய பயம் பரவிய தொண்ணூறுகளுக்குப் பிறகு சலூன்களில் தீட்டும் கத்தி மெல்ல மறைந்து, பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டும் கத்தி வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் புது அரை பிளேடு. சுகாதாரத்துக்கு அதுதான் சரி, அதில் பெரியவருக்கே மறுபேச்சு கிடையாது. ஆனால் நான் தீட்டும் கத்தி பற்றிக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

“தம்பி, அது கத்தி வாங்குறது இல்ல. ரெண்டாவது தொழில் கத்துக்கிறது” என்றார். நான் சிரித்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் அவர் சொன்னதன் கனம் புரிந்தது.

கடைசியில் பன்னிரண்டாயிரம் சொச்சத்துக்கு ஒரு ஜெர்மன் கத்தி வரவழைத்தேன். அலகின் அகலம் எட்டில் ஐந்து அங்குலம். புதிதாகப் பழகுபவருக்கு அந்த அளவு கைக்கு அடங்கும். இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்து, வாய்ப் பக்கம் நகம்போல மெலிந்திருக்கும். கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல் வார் தனியாக இரண்டாயிரம். தீட்டும் கல் அப்புறம். என் மனைவி பில்லைப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேசாம தாடி வளர்க்கலாம்ல?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இன்றுவரை பதில் இல்லை.

வாரில் தீட்டுவதைப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். கல்லில் தீட்டும்போது வாய் முன்னால் போக வேண்டும், வாரில் அதற்கு நேர் எதிர். முதுகு, அதாவது வாய்க்கு எதிர்ப்பக்கத் தடித்த ஓரம், முன்னால் போகும், வாய் பின்னால் இழுபட்டு வரும். கோடியில் திருப்பும்போது முதுகை வாரிலிருந்து எடுக்காமல், அதன் மேலேயே புரட்ட வேண்டும். வாய்ப்பக்கமாகப் புரட்டினால் வார் வெட்டுப்படும். எனக்கு வெட்டுப்பட்டது, மூன்றாம் நாளே. அழுத்தமும் கூடாது. கத்தியின் எடையே போதும். முப்பது நாற்பது முறை போய்வந்தால் சரி. பெரியவர் கடைசியில் தன் உள்ளங்கையில் கத்தியை நாலு தடவை தேய்த்து முடித்தார். பார்த்த எனக்கு வயிறு கலங்கியது. “இதை நீங்க செய்ய வேணாம்” என்று அவரே சொல்லிவிட்டார்.

வார் கூராக்காது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு சவரத்திலும் வாயின் மெல்லிய நுனி லேசாகச் சாயும், வார் அதை நிமிர்த்தும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிமிர்த்தியும் பிரயோசனமில்லாமல் கன்னத்தில் இழுக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் கல். முதுகையும் வாயையும் சேர்த்து ஒரே படுகையாகக் கல்லில் வைத்து இழுக்க வேண்டும். முதுகின் கனமே சாய்வுக் கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. சமையலறைக் கத்தியைவிட இது சுலபம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கல் சமதளமாக இருக்க வேண்டும், கடைசிக் கல் மிக நைசாக இருக்க வேண்டும். எட்டாயிரம் நம்பருக்குக் குறைந்த கல்லோடு நிறுத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இரும்பைவிட எவ்வளவோ மென்மையான முடி எப்படிக் கத்தியை மழுங்கடிக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதையே எடுத்துக்கொண்டு சயன்ஸ் இதழில் எழுதினார்கள். யூஸ் அண்ட் த்ரோ ரேசரால் சவரம் செய்து, விளிம்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, பிளேடு விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயர்த்திருக்கிறது. எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், முடி சாய்வாக வளைந்து மோதும்போது அப்படி நடக்கிறதாம். ரேசரில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். கத்தியில் உட்கார்ந்து தீட்டுகிறோம். பெரியவர் சொன்ன இரண்டாவது தொழில் அதுதான்.

சரி, முகத்தில் வைத்த கதைக்கு வருகிறேன்.

முதல் வாரம் காதோரத்துக்குக் கீழே உள்ள கன்னம் மட்டும். மீதி முகத்துக்குப் பழைய ரேசர்தான். பெரியவர் போட்ட கண்டிஷன் அது, நல்ல கண்டிஷன். குளித்து முடித்த கையோடு செய்ய வேண்டும். வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடிக்கும் காய்ந்த முடிக்கும் வெட்டுப்படுவதில் அவ்வளவு வித்தியாசம். சோப்பை பிரஷ்ஷில் நுரைத்து முடியின் வேர்வரை தேய்க்க வேண்டும். மற்ற கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தியைத் தோலில் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்கினால் முப்பது டிகிரி வரும். அதற்கு மேல் தூக்கினால் சுரண்டும், குறைத்தால் பிடுங்கும். எந்தச் சூழ்நிலையிலும் கத்தி அதன் நீளவாக்கில் நகரக் கூடாது. அப்படி நகர்ந்தால் அது சவரமில்லை, தக்காளி நறுக்குவது.

எனக்கு ரத்தம் வந்தது பத்தாம் நாள், பயம் போன பிறகு. மேலுதட்டுக்கு மேலே, மூக்கின் ஓரத்தில், கத்தியின் முனை இறங்கிவிட்டது. வலியே தெரியவில்லை. நுரை ரோஸ் நிறமானதைப் பார்த்துத்தான் தெரிந்தது. நல்ல கூர்க்கத்தி வெட்டு நேர்க்கோடாக இருப்பதால் சீக்கிரம் ஆறிவிட்டது. ஆனால் அலுவலகத்தில் மூன்று நாளும் மூன்று வெவ்வேறு கதை சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் படிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலூனில் கடைசியில் ஈரக் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தக் கல்தான். ரத்தத்தை நிறுத்தத்தான் அது என்று நினைத்திருந்தேன். அதைவிட முக்கியமான வேலை அதற்கு உண்டு. எங்கே அதிகமாக அழுத்தினோமோ, எங்கே ஒரே இடத்தில் நாலு தடவை இழுத்தோமோ, அங்கே மட்டும் சுரீர் என்று எரியும். எனக்கு இன்றைக்கும் அதுதான் வாத்தியார். எந்த ரேசர் பயன்படுத்துபவரும் ஒரு கட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம், மளிகைக் கடையில் கிடைக்கும், விலையும் சொற்பம்.

ஒரு மாதத்தில் முழு முகமும் கத்திக்கு வந்தது. கழுத்துப் பொரி அடங்கியது. கன்னம் சுத்தமாக இருந்தது. நான் ஊரெல்லாம் கத்திப் பிரசாரம் செய்துகொண்டு திரிந்தேன். ரேசர் வைத்திருந்த நண்பர்களை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தேன்.

அப்புறம் கொழுப்பு ஏறியது. முடி வளரும் பக்கம் ஒருமுறை இழுத்தால் மாலைக்குள் கை வைத்தால் கொஞ்சம் சொரசொரக்கும். அது பிடிக்கவில்லை. குறுக்கே ஒருமுறை, எதிராக ஒருமுறை என்று மூன்று தடவை போட ஆரம்பித்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. இரண்டு வாரத்தில் கழுத்தில் பழைய சிவப்புப் பொரி, அதே இடத்தில், அதே சுருண்ட முடியோடு.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கத்தியும் ஐந்து பிளேடு ரேசர் செய்த அதே வேலையைச் செய்துவிட்டது. டாக்டர் சொன்ன மீதி இரண்டு வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது. எதிர்ப்பக்கம் போகாதே, ஒட்ட எடுக்காதே. என் கழுத்துக்கு எது நெருக்கமாக வெட்டும் என்பதே தப்பான கேள்வி.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு காரியம் செய்தேன். பொரி ஆறட்டும் என்று பத்து நாள் விட்டுவிட்டு, ஒற்றை பிளேடு உள்ள மலிவு யூஸ் அண்ட் த்ரோ ரேசரை எடுத்துக் கத்திக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தேன். குளியல், பிரஷ், நுரை, தோலை இழுத்துப் பிடிப்பது, முடி போகும் பக்கம் மட்டும் ஒரே இழுப்பு, படிகாரம். கழுத்து அமைதியாக இருந்தது. கத்தியோடு ஒப்பிட்டால் கன்னம் கொஞ்சம் மட்டம்தான், ஆனால் நான் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் அந்த ரேசரை அவசரத்தில், வெறும் குளியல் சோப்பைத் தடவி, மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தேன். கத்தி வந்த பிறகுதான் நிதானம் வந்தது, பயத்தால் வந்த நிதானம்.

அதற்காகக் கத்திக்கும் ரேசருக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலைந்து நாள் வளர்ந்த தாடியில் இரட்டை பிளேடு ரேசரை வைத்துப் பாருங்கள், இரண்டு இழுப்பில் இடைவெளி அடைத்துக்கொள்ளும், குழாயில் தட்டித் தட்டிக் கழுவ வேண்டும். கத்தியில் அடைக்க இடமே இல்லை, துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கிருதாவின் ஓரம், மீசைக் கோடு இதெல்லாம் கத்தியில் அளவுகோல் வைத்த மாதிரி வரும். மாறாக, தாடைக்குழி, குரல்வளை மேடு இந்த இடங்களில் ரேசர் தலை தானே வளைந்துகொடுக்கும், கத்தியில் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நேரமும் இருக்கிறது. ரேசரில் ஐந்து நிமிடம், கத்தியில் வாரிலிருந்து துடைத்து வைப்பதுவரை இருபத்தைந்து. காலை எட்டு மணி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவன் கத்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவசரமும் திறந்த வாயும் சேரவே கூடாது.

பணக் கணக்கு பார்த்துக் கத்தி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும், பிளாஸ்டிக் குப்பை இல்லை என்பார்கள். குப்பை விஷயம் உண்மை. பணம் மிச்சமாகும் என்பது என் வீட்டில் நடக்கவில்லை. கத்தி, வார், இரண்டு கல், வெட்டுப்பட்ட வாருக்கு மாற்று வார் என்று பதினெட்டாயிரத்தைத் தாண்டியது. அந்தக் காசுக்கு இருபது ரூபாய் ரேசர் தொள்ளாயிரம் வாங்கலாம். வாரத்துக்கு ஒன்று என்றால் பதினேழு வருடம்.

சென்னைக் காற்றில் துரு இன்னொரு தலைவலி. நல்ல கூர் நிற்கும் கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு, ஒரு சொட்டு ஈரம் போதும். குளியலறையில் வைக்கவே கூடாது. கழுவி, பருத்தித் துணியில் ஒற்றி, பிடியின் இடுக்குவரை உலர்த்தி, பத்து நிமிடம் திறந்து வைத்த பிறகுதான் மடக்க வேண்டும். மேலே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. முதலில் தேங்காய் எண்ணெய் தடவினேன், கொஞ்ச நாளில் பிசுபிசுத்து நாறியது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டு போட்ட அலமாரி இல்லாமல் இதை வாங்காதீர்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வேண்டாம். என் அப்பா அந்த மாத்திரைக்காரர். மகன் செய்கிறானே என்று ஒருநாள் கத்தியைக் கேட்டார், கொடுக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு எலக்ட்ரிக் டிரிம்மர் வாங்கிக் கொடுத்த பிறகு சமாதானமானார். விமானத்தில் போகிறவர்களுக்கும் ஒன்று: கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

தீட்டுவது தொல்லை என்று சலூன் மாதிரி அரை பிளேடு போடும் கத்தி வாங்குபவர்களிடம் ஒரு வார்த்தை. அதுதான் சுலபம் என்று நான்கூட நினைத்தேன். பழக்கமில்லாத கைக்கு அது இன்னும் கடினம். பிளேடு மிக மெல்லியது, கூர் அதிகம், தப்பு செய்தால் மன்னிக்காது. இரண்டு மூலையும் ஊசி மாதிரி குத்தும். சலூன்காரர் அதை வைத்து விளையாடுகிறார் என்றால் அவர் ஒரு நாளைக்கு இருபது முகம் பார்க்கிறார். அதோடு, அவர் வேறொருவர் முகத்தை நேராகப் பார்த்துச் செய்கிறார், நாம் கண்ணாடியில் இடம் வலம் மாறிய நம் முகத்தை.

இப்போது என் பழக்கம் இப்படி ஆகிவிட்டது. வேலை நாட்களில் பழைய பாணி இரட்டை முனை பிளேடு போடும் ரேசர். கிங் ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய அதே யோசனைதான், இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை. தோலில் படுவது ஒரே விளிம்பு, பிளேடு ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. என்னிடம் யாராவது யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன், கத்தியை அல்ல. வெளியூர் போனால் யூஸ் அண்ட் த்ரோ. பிளேடு ரேசர் என் கழுத்துக்குப் போதும் என்று தெரிந்த பிறகும் கத்தியை விற்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்குப் பிறகு, வாரைக் கதவுக் கொண்டியில் மாட்டித் தீட்டும் அந்தச் சத்தத்துக்காகவே வைத்திருக்கிறேன். டப் டப் என்று தாளமாக வந்தால் கை சரியாகப் போகிறது, சரக் என்று கேட்டால் வார் போச்சு.

போன மாதம் முடி வெட்டிக்கொள்ள சலூனுக்குப் போனபோது பெரியவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாடையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தைப் புறங்கையால் ஒரு தடவு தடவினார்.

“கன்னத்துல தேறிட்டீங்க. இங்க, காது மடலுக்குப் பின்னாடி நாலு முடி விட்டிருக்கீங்க” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “டேய், இதுக்கு ஒரு அரை பிளேடு ஒடி” என்றார்.